நான்காவது பெயர்

போன மாதம் ஒரு மதியம் அருண்மொழி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்று வந்த சர்வீஸ் சென்டரில் இப்போது வேலை பார்ப்பவள்.

"மேடம், பழைய கையடக்க மிஷின் ஒரு மூட்டை கழிச்சுக்கட்ட வந்திருக்கு. ஒண்ணு மட்டும் ஆன் ஆகி வெள்ளைத் திரையில நிக்குது. உள்ள போக மூணு பட்டனைச் சேர்த்து அமுக்கணும்னு சொல்வீங்களே, எது எது?"

யோசிக்காமலே சொன்னேன். இடப்பக்க மஞ்சள் பொத்தான், கீழே வலது மூலைப் பொத்தான், இரண்டையும் விடாமல் பிடித்தபடி பவர் பொத்தான். அவள் சிரித்தாள். "இப்ப போன் செத்தா ஒரு கிளிக் மேடம். எல்லாம் தானா மேல இருந்து இறங்கிடுது. நீங்க ஒரு மிஷினுக்கு ஒரு நாள் எடுத்துப்பீங்களாமே? அப்படி என்னதான் பண்ணுவீங்க? எழுதித் தாங்களேன், பசங்க படிக்கட்டும்."

பொத்தான்களையும் வரிசையையும் எழுதித் தருவது சுலபம். ஆனால் அந்த வேலையில் முக்கால்வாசி நேரம் நாங்கள் செய்தது வேறொன்று. சந்தேகப்பட்டோம். அதனால் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்தவள். கால்குலேட்டர், டைப்ரைட்டர், பிறகு கம்ப்யூட்டர் என்று பன்னிரண்டு வருடம் கழிந்தது. அதன்பின் கையடக்கக் கணினிகளைப் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர்கள், குடோன்காரர்கள், சர்வே எடுப்பவர்கள் என எல்லோரும் அப்போது செங்கல் கனத்தில் ஒரு சாம்பல் நிற மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். திரையில் குச்சியால் குத்தி எழுத வேண்டும்.

அந்த மிஷினுக்கு நினைவு இரண்டு வகை. ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கும் இடம் நிரந்தரமானது, கரண்ட் போனாலும் போகாது. ஆள் தினமும் எழுதுவதோ இன்னொரு இடத்தில் நிற்கும். பேட்டரி இருக்கும் வரைதான் அதற்கு உயிர். பேட்டரி முழுதாக இறங்கினாலும் போச்சு, பின்பக்கம் உள்ள ஊசித் துளையில் கம்பியை விட்டு முழு ரீசெட் கொடுத்தாலும் போச்சு. வாரம் ஒரு முறை அலுவலகத்துக் கணினியில் ஏற்றினால்தான் எழுதியது நிலைக்கும். இந்த மிஷினைச் செய்தவனுக்கு எங்கள் ஊர்ப் புழுதியும் உப்புக் காற்றும் தெரிந்திருக்க நியாயமில்லை.

எனக்கு மேலே இருந்தவர் தேவசகாயம் சார். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பென்சில், ஒரு பூதக்கண்ணாடி. யார் என்ன சொன்னாலும் "அப்படியா?" என்பார். அந்த ஒரு வார்த்தையில், சொன்னவருக்கே தான் சொன்னது உண்மைதானா என்று சந்தேகம் வந்துவிடும். மிஷின் வந்தால் மேஜை மேல் வெள்ளைத் துணி விரிப்பார். மிஷினைத் துணியில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். மண் விழுகிறதா, என்ன மண், திருகாணிகளில் யாராவது கை வைத்திருக்கிறார்களா, சீல் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு குனிந்து முகர்ந்து பார்ப்பார். எல்லாவற்றையும் ஜாப் கார்டில் எழுதிய பிறகுதான் தொடுவார்.

கொண்டுவந்தவரிடம் மூன்று கேள்வி கேட்பார். எப்போது நின்றது? கடைசியாக என்ன செய்தீர்கள்? நின்றதிலிருந்து இங்கே வரும்வரை எங்கே இருந்தது? முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் பொய்தான் வரும் என்பது அவர் கணக்கு. "மூணாவதுக்குப் பொய் தயார் பண்ணிட்டு வரமாட்டான்மா. அங்க நல்லாப் பாரு" என்பார்.

சேர்ந்த ஆறாவது மாதம் அதை மீறினேன். மீட்டர் கணக்கெடுக்கும் பெரியவர் ஒருவர், "எல்லாம் ஏத்தியாச்சும்மா, உள்ளே ஒண்ணுமில்ல, ரீசெட் பண்ணிக் கொடு" என்றார். பாவமாக இருந்தது. செய்தேன். அவர் எதையுமே ஏற்றியிருக்கவில்லை. ஒரு பகுதி முழுவதன் ஒரு மாதக் கணக்கும் போயிற்று. பழி என்மேல் விழுந்தது. சார் திட்டவில்லை. ஜாப் கார்டை என் முன் வைத்து, "நீ எழுதின இடத்துல அவர் சொன்னது மட்டும்தான் இருக்கு. நீ பார்த்தது எங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் யாரையும் நம்பவில்லை. எத்தனை தூரம் நம்பாமல் போனேன் என்பதற்குத்தான் இந்தப் பழவேற்காட்டுக் கதை.

பழவேற்காட்டில் கடலையொட்டி உள்ள குப்பங்களில் படகுக் கணக்கெடுப்புத் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. தனியார் நிறுவனம் ஒன்று எடுத்துச் செய்தது. ஒவ்வொரு குப்பத்திலும் உள்ளூர் ஆள் ஒருவர், அதிகாலையில் கரையில் நின்று, எந்தப் படகு போகிறது, அதில் யார் யார், எப்போது திரும்பினார்கள் என்று மிஷினில் பதிய வேண்டும். அவர்களுடைய அலுவலகம் பொன்னேரியில். மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் எங்களுடையது.

ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. சார் என்னைக் கூப்பிட்டு, "ஒரு குப்பத்துல மிஷின் நின்னு அஞ்சு நாளாச்சாம். வெச்சிருக்கிற ஆள் ஆபீஸ்ல ஒப்படைக்க மாட்டேங்கிறானாம். நீ போய் வாங்கிட்டு வா" என்றார்.

குப்பத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

மின்சார ரயிலில் பொன்னேரி போய், முதலில் அந்த அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு உதவியாளர் இருந்தார். நாற்காலியைக்கூடக் காட்டாமல் விஷயத்தைச் சொன்னார்.

திங்கட்கிழமை விடியற்காலை, கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை இருந்தும், அந்தக் குப்பத்திலிருந்து ஒரே ஒரு ஃபைபர் படகு போயிருக்கிறது. கஜேந்திரன் என்பவருடைய படகு. முகத்துவாரத்தில் அலை புரட்டிப் போட்டுவிட்டது. கஜேந்திரனும் அவர் மச்சான்கள் இரண்டு பேரும் தப்பிக் கரைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அஞ்சலை என்ற பெண், தன் புருஷன் ஏழுமலையும் அதே படகில் போனான், காணவில்லை என்கிறாள். கஜேந்திரனோ, நாங்கள் மூன்று பேர்தான் போனோம், ஏழுமலை ஏறவே இல்லை, நெல்லூர்ப் பக்கம் இறால் பண்ணைக்கு ஓடியிருப்பான் என்கிறார்.

"கரையில நின்ன நம்ம ஆளு என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"செல்வமா? நாலு பேருன்றான். ஆனா அவன் அந்த அஞ்சலையோட சித்தி பையன். தம்பி அக்காவுக்குத்தானே பேசுவான்? மிஷினைக் காட்டுடான்னா, மிஷின் நின்னுபோச்சுன்றான். அன்னிக்கே நின்னுச்சாம், பாருங்க." அவர் கையை விரித்தார். "மிஷின் மூணுன்னு காட்டும், அதான் அடிச்சு ஒடைச்சுட்டான். அஞ்சு நாளா மிஷினும் கையுமா பொன்னேரியில சுத்திக்கினு இருக்கான். ஒரு டெய்லர் கடையில மணிக்கணக்கா உக்காந்திருக்கறதைப் பார்த்தவங்க இருக்காங்க. எவன்கிட்டயோ குடுத்து உள்ள இருக்கறதை மாத்தப் பாக்குறான். நீங்க ரீசெட் பண்ணி, சிஸ்டத்தைப் புதுசா ஏத்திக் குடுத்துடுங்க. வேற ஆளைப் போட்டுக்கறோம்."

பஸ்ஸில் போகும்போது யோசித்துக்கொண்டே போனேன். எல்லாம் பொருந்தி வந்தது. அத்தனை பொருந்துவதே சந்தேகத்துக்குரியது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

குப்பத்தில் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. திங்கட்கிழமைக் காற்றில் விழுந்தவை. ஏலக் கொட்டகைக்கு வெளியே வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். கழுத்தில் துண்டு போட்ட, கட்டுமஸ்தான ஒருவர் எழுந்து வந்தார். நெற்றியில் ஆறாத கீறல் ஒன்று. அவர்தான் கஜேந்திரன்.

"மிஷின் ரிப்பேருக்கா? நல்லாப் பாரும்மா. மூணுன்னுதான் இருக்கும். இல்லன்னா அதுல இன்னாவோ கோல்மால் நடந்துருக்குன்னு அர்த்தம்."

இப்படிச் சொல்ல இவருக்கு என்ன அவசரம் என்று ஒரு கணம் தோன்றியது. குறித்துக்கொள்ளவில்லை.

கொட்டகையின் உள்ளே, சிமெண்டுத் தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கே உரிய வெடித்த விரல்கள். என் பையைப் பார்த்தாள்.

"நீ யாரு அனுப்பின ஆளு?"

"கம்பெனிம்மா. மிஷின் பாக்குறவ."

"எந்தக் கம்பெனி? கஜேந்திரன் சொல்லி வந்தியா?"

"இல்லம்மா."

அவள் நம்பவில்லை. "அவரு சட்டைகூட எடுத்துக்கல. சோத்து டப்பா தூக்கினு போனாரு. ஓடிப்போறவன் பழஞ்சோத்தைத் தூக்கினா ஓடுவான்? போலீஸ்ல போய்ச் சொன்னா, ஊட்டை விட்டுப் போனவருன்னு எழுதிக்கினு அனுப்பிட்டாங்க. ஊட்டை விட்டுப் போனவர எதுக்குக் கடல்ல தேடணும்னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்றது?"

இவள்தான் அஞ்சலை என்று புரிந்தது. அவளுக்குப் பின்னாலிருந்து செல்வம் வந்தான். ஒல்லியான ஆள், என்னைவிடப் பத்து வயது சிறியவன். மிஷினை ஒரு துண்டில் சுற்றி மார்போடு அணைத்திருந்தான். நான் கை நீட்டினேன். அவன் ஒரு அடி பின்னால் போனான்.

"பின்னால ஊசி போட மாட்டேன்னு எழுதிக் குடு மேடம். அப்பதான் குடுப்பேன்."

எனக்கு எரிச்சல் வந்தது. ஊசித் துளை பற்றி இவனுக்கு எப்படித் தெரியும்? எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெள்ளைத் துணியை ஏலத் திட்டின் மேல் விரித்து மிஷினை வாங்கி வைத்தேன். ஓரங்களில் கடல் மணல். உப்பு பூத்திருந்தது. சீல் கிழிந்திருந்தது. பேட்டரி மூடியின் கொக்கி உடைந்து, ரப்பர் பேண்டால் கட்டப்பட்டிருந்தது. ஊசித் துளையைச் சுற்றிப் பூதக்கண்ணாடியில் பளிச்சென்று கீறல்கள்.

"எப்ப நின்னுது?"

"திங்கக்கெழம. சூரியன் வந்துட்டு இருந்துச்சு."

"கடைசியா என்ன பண்ணீங்க?"

"எழுதிக்கினு இருந்தேன்."

"நின்னதுல இருந்து இது வரைக்கும் எங்க இருந்துது?"

அவன் தரையைப் பார்த்தான். "என்கிட்டதான்."

"டெய்லர் கடையில?"

அவன் முகம் மாறியது. அக்காவைப் பார்த்தான், வெளியே கஜேந்திரனைப் பார்த்தான், பிறகு என்னை. "என்கிட்டதான் இருந்துச்சு மேடம்" என்று மறுபடி சொன்னான்.

மூன்றாவது கேள்வியில் அகப்பட்டுவிட்டான் என்று நினைத்தேன். ஜாப் கார்டில் பார்த்ததையெல்லாம் எழுதி, கடைசியில் இப்படி ஒரு வரி சேர்த்தேன்: 'இயக்குபவரே வேண்டுமென்று சேதப்படுத்தியிருக்கக்கூடும்.' அவன் எட்டிப் பார்த்தான். படிக்கத் தெரிந்தவன். மிஷினை என் பையில் வைக்கும்போது, "மூடியைக் கையில புடிச்சிக்கினே போ மேடம். பேட்டரி கழண்டுடும்" என்று மட்டும் சொன்னான்.

சென்னைக்குத் திரும்பும்போது மதியம் தாண்டிவிட்டது. சார் கார்டை வாங்கி மெதுவாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும், "அப்படியா?" என்றார்.

"எல்லாமே அவனுக்கு எதிராத்தான் சார் இருக்கு."

"பேட்டரி எவ்வளவு இருக்குன்னு எழுதலையே?"

மிஷின் திரை வெறும் வெள்ளையாக நின்றாலும், மேலே உள்ள சின்ன விளக்கை வைத்தும் மீட்டரை வைத்தும் பேட்டரியின் நிலையைச் சொல்லிவிடலாம். பார்த்தேன். ஏறக்குறைய முழுச் சார்ஜ்.

"ஊர்ல கரண்ட் இருந்துதா?"

"இல்ல சார். கம்பம் விழுந்து..." என்று சொல்லும்போதே மீட்டரை மறுபடி பார்த்தேன்.

"அஞ்சு நாளா கரண்ட் இல்லாத ஊர்ல, ரெண்டு நாள்கூடத் தாங்காத பேட்டரி ஃபுல்லா இருக்கு. உள்ள இருக்கறது அழியணும்னு நெனைக்கிறவன் இதை எதுக்கும்மா ஒடைக்கணும்? சும்மா மூலையில போட்டு வெச்சா போதும். தானா அழிஞ்சிரும்."

டெய்லர் கடை. தையல் மிஷின் மோட்டாருக்கான பிளக். மணிக்கணக்காக அங்கே உட்கார்ந்திருந்தது அதற்குத்தான். மிஷினை வெளியாரிடம் கொண்டுபோகக் கூடாது, சார்ஜ் போடக்கூட அனுமதியில்லை என்பது அந்தத் திட்டத்தின் விதி. சொன்னால் வேலை போய்விடும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

"ஆனா அந்தக் கீறல், சார்?"

சார் எழுந்து போய்ப் பழைய ஜாப் கார்டுக் கட்டைக் கொண்டுவந்தார். அதே எண் கொண்ட மிஷின், ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு தரம் வந்திருக்கிறது. அவர் கையெழுத்திலேயே இருந்தது: சீல் கிழிந்துள்ளது, ஊசித் துளையைச் சுற்றிக் கீறல், உள்ளே பதிவுகள் இல்லை. கொண்டுவந்தவர் என்ற இடத்தில் பொன்னேரி அலுவலக உதவியாளரின் கையெழுத்து. சார் அப்போதே விசாரித்து வைத்திருந்தார்: அந்த மனிதரே சேஃப்டி பின்னை விட்டுக் குடைந்து, பதினைந்து நாள் பதிவை அழித்துவிட்டு, பழியைச் செல்வத்தின் மேல் போட்டிருக்கிறார். இந்தத் தரம் செல்வம் ஏன் அலுவலகத்தில் கொடுக்கவில்லை என்பது புரிந்தது. என்னிடம் ஏன் எழுதி வாங்கினான் என்பதும்.

"சார், நான் ஏன் இதைப் பார்க்கல?"

"நீ பார்த்தே. பார்த்ததுக்கு மேல ஒரு வரி எழுதினே." அவ்வளவுதான் சொன்னார். வெள்ளைத் துணியை விரித்தார்.

மறுநாள், சனிக்கிழமை காலையில்தான் வேலையைத் தொடங்கினோம். இரவு முழுக்க மிஷின் சார்ஜரிலேயே இருந்தது. உள்ளே கடல் தண்ணீர் போயிருப்பது உறுதி. திறந்து துடைத்தால் பொத்தான்கள் சரியாகும். ஆனால் திறக்க வேண்டுமென்றால் பேட்டரியைக் கழற்ற வேண்டும், கழற்றினால் பதிவு அழியும். ஆகவே உப்பும் ஈரமும் உள்ளே இருக்கும்போதே வேலையைச் செய்தாக வேண்டும்.

ஆபரேட்டிங் சிஸ்டம் விழிக்கும் முன்னால் விழிக்கிற ஒரு சின்ன நிரல் அந்த மிஷினுக்குள் உண்டு. மூன்று பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால் அது எழும். நினைவில் இருப்பதை அப்படியே ஒரு மெமரி கார்டில் கொட்டச் சொல்லி அதற்கு உத்தரவு போடலாம். கொட்டி முடித்த பிறகுதான் புதிய சிஸ்டத்தை ஏற்ற வேண்டும். வரிசை மாறினால் ஒன்றும் மிஞ்சாது. கம்பெனி கையேட்டில் முதல் படியே முழு ரீசெட் என்றுதான் போட்டிருந்தது. "கையேடு எழுதினவன் மிஷினைக் காப்பாத்த எழுதியிருக்கான். உள்ள இருக்கறதைக் காப்பாத்த எழுதல" என்று சார் அதை மூடி வைத்தார்.

மூன்று பொத்தான்களையும் அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம். இல்லை. மஞ்சள் பொத்தான் உள்ளே உப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. சார் ஒரு ஊசிக் குழலில் ஸ்பிரிட் எடுத்து, பொத்தானின் விளிம்பில் ஒரே ஒரு சொட்டு விட்டார். நான் அமுக்கி விடுவேன், அமுக்கி விடுவேன். மறுபடி ஒரு சொட்டு. எத்தனை தரம் என்று எண்ணவில்லை, கட்டை விரல் மரத்துவிட்டது. கடைசியில் ஒரு 'டிக்' கேட்டது. அதுவரை அந்தப் பொத்தானில் கேட்காத சத்தம். மூன்றையும் சேர்த்துப் பிடித்தேன். வெள்ளைத் திரை கறுத்து, மூலையில் நான்கு வரி எழுத்து வந்தது.

கொட்ட ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் சார், உடைந்த பேட்டரி மூடியின்மேல் இரண்டு கட்டை விரல்களையும் வைத்து அழுத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் வியர்வை நின்றது. நான் துடைக்கப் போனேன். "வேணாம், ஆடிடும்" என்றார்.

மெமரி கார்டைக் கணினியில் போட்டுத் திறந்தால் பக்கம் பக்கமாகப் புரியாத குறிகள். கஜேந்திரனுடைய படகு எண்ணைத் தேடினேன். ஓரிடத்தில் நின்றது. அந்த எண்ணுக்குக் கீழே கோணல்மாணலாக எழுத்துகள். பழைய தமிழ் எழுத்துரு அது. எழுத்துருவை மாற்றினேன். எழுத்துகள் தமிழாக மாறி வரிசையில் நின்றன.

திங்கட்கிழமைத் தேதி. புறப்பாடு நான்கு ஐம்பது. பெயர்களைப் பதிந்ததும் புறப்பாட்டு நேரத்தை மிஷினே போட்டுக்கொள்ளும், பிறகு இரண்டையும் ஆள் மாற்ற முடியாது; திரும்பிய நேரத்தை மட்டும் ஆள் எழுத வேண்டும். கீழே பெயர்கள். கஜேந்திரன். அவர் மச்சான்கள் இரண்டு பேர். நான்காவதாக, ஏழுமலை.

எதிரே, திரும்பிய நேரத்துக்கான கட்டம். முதல் மூன்று பெயருக்கும் ஆறு பத்து. நான்காவது காலி.

அதைப் பார்த்தபோது சந்தோஷம் எதுவும் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சார் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

அச்சடித்து இருவரும் கையெழுத்துப் போட்டோம். நான் வெள்ளிக்கிழமை எழுதிய ஜாப் கார்டின் கடைசி வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் 'இது தவறு, நான் எழுதியது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். புதுக் கார்டு எழுதிக்கொள்ளலாம் என்று சார் சொல்லவில்லை. அந்த அலுவலக உதவியாளர் போனில், "இப்ப எதுக்குங்க இதெல்லாம்?" என்றார். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு சார் போனை வைத்தார். அன்று மதியமே தாளை எடுத்துக்கொண்டு, என்னோடு அவரும் ரயிலேறினார்.

காவல் நிலையத்தில் அந்தத் தாளைக் காட்டியதும் கஜேந்திரனை அழைத்து வந்தார்கள். நேரத்தைக் காட்டி, இது படகு கவிழும் முன்னால் பதிந்தது, செல்வம் நினைத்தாலும் மாற்ற முடியாது என்று நான் விளக்கினேன். கஜேந்திரன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"வேணாம்னு சொன்ன நாள்ல கூட்டினு போனேன் சார். ஆளு பூட்டான்னா கேஸ் ஆயிடும்னு... நீச்சல்காரன், எங்கியாவது கரையேறி வந்துடுவான், வந்ததும் சொல்லிக்கலாம்னு மொத நாள் சொல்லிட்டேன். அப்புறம் மாத்தத் தெரியல."

ஆடியில் நீரோட்டம் வடக்கே இழுக்கும். வடக்கே ஆந்திரக் கரையோர நிலையங்களுக்கு எல்லாம் செய்தி போயிற்று. வியாழக்கிழமை அங்கே ஓரிடத்தில் கரை ஒதுங்கிய ஒருவருடைய உடலை அரசு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கேட்க ஆள் வரவில்லை என்பதால் திங்கட்கிழமை அடக்கம் செய்துவிட ஏற்பாடாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அஞ்சலையும் செல்வமும் போனார்கள். இடுப்பில் அவள் கட்டிவிட்ட தாயத்துக் கயிறு இருந்ததாம்.

நான் செவ்வாய்க்கிழமை போனேன். மிஷினைத் திறந்து துடைத்து, சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றி, பதிவுகளைத் திரும்ப உள்ளே வைத்து, பேட்டரி மூடியும் மாற்றியிருந்தோம். அஞ்சலை வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. செல்வம் வெளியே உட்கார்ந்திருந்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து காய்ந்திருந்தது. படகு கவிழ்ந்த அன்று, மிஷினைத் தோளில் மாட்டியபடியே முகத்துவாரக் கல்லில் இறங்கி அந்த மூன்று பேரை இழுத்துப் போட்டவன் அவன்தான் என்று ஸ்டேஷனில் கஜேந்திரனே சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமையும் அந்தக் காயம் அங்கேதான் இருந்திருக்கும். மிஷினின் கீறலைப் பார்த்த நான் ஆளைப் பார்க்கவில்லை.

"தம்பி, நான் எழுதினது தப்பு. மன்னிச்சிடுங்க" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் மேடம் நெனைச்சாங்க" என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லச் சொல்லிக் கேட்க எனக்கும் உரிமையில்லை.

மிஷினை அவன் கையில் கொடுத்தேன். ஆன் செய்தான். அந்தப் பதிவு திரையில் வந்து நின்றது. கீழே ஒரு கட்டம் மின்னியது: 'எல்லாப் பெயர்களுக்கும் திரும்பிய நேரம் பதியவும்.'

"அன்னிக்கும் இதான் மேடம். மூணு பேருக்குப் போட்டேன். நாலாவதுக்கும் கேட்டுச்சு. இல்லன்னு சொல்ல அதுல எடமே இல்ல. அமுக்கினேன், அமுக்கினேன், ஒத்துக்கல. அப்படியே நின்னுபோச்சு."

நிரலில் அப்படி ஒரு வாய்ப்பை யாரும் வைக்கவில்லை. படகில் போனவன் திரும்பாமல் இருக்கலாம் என்று அதை எழுதியவர்கள் யோசிக்கவே இல்லை. பதிவை முடிக்காவிட்டால் மிஷின் அடுத்த வேலைக்குப் போகாது. பொன்னேரியிலிருந்து, ஏதாவது ஒரு நேரத்தைப் போட்டு மூடிவிடச் சொல்லியிருந்தார்கள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அலுவலகத்துக்குத் திரும்பி, நிரலையே மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று எண்ணம்.

உள்ளேயிருந்து அஞ்சலை வந்தாள். கூந்தல் முடியாமல் கிடந்தது. தம்பியின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள்.

"இதுல அவரு பேரு எது?"

செல்வம் குச்சியால் தொட்டுக் காட்டினான்.

"பக்கத்துல ஒண்ணும் இல்லியே?"

"வந்த டைம் போடணுங்க்கா. அவருக்குப் போடல."

அவள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. சேலைத் தலைப்பால் திரையின் மேலிருந்த மணலைத் துடைத்தாள்.

"வந்தாரு இல்ல? ஞாயித்துக்கெழம நம்ம வண்டியிலதான வந்தாரு? எத்தினி மணிக்குடா ஊட்டாண்ட வந்தோம்?"

"மூணே முக்கால்க்கா."

"அதைப் போடு."

செல்வம் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அவன் தேதியைக் குத்தினான், மூன்று நாற்பத்தைந்து என்று எழுதினான், குச்சியைத் திரைக்கு மேலே நிறுத்தி அக்காவைப் பார்த்தான். அவள் குச்சியை வாங்கி, அவன் காட்டிய இடத்தில் தானே அமுக்கினாள். மிஷின் இந்த முறை ஏற்றுக்கொண்டது.